பூந்தொட்டிக்குப் போன கஷாயம்

என்னங்க,

பிளாஸ்க்கைத் தேட வேணாம். இன்னிக்குக் கஷாயத்தை நானே குடிச்சுட்டேன். உங்களுக்குக் கிட்னியில கல் திரும்ப வரக்கூடாதுன்னு தினமும் நெருஞ்சி முள்ளை இடிச்சுக் கொதிக்க வைக்கிறேன். நீங்க அதை ஜன்னல் பூந்தொட்டியில ஊத்திட்டு, காலி டம்ளரை என்கிட்ட நீட்டுறீங்க. நேத்து கையும் களவுமாப் பிடிச்சா என் மேலயே எரிஞ்சு விழுறீங்க. சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். சாவி செருப்பு அலமாரி மேல.

நேத்தே சொல்ல வந்தேன். ஸ்கேன்ல எனக்குக் கிட்னியில கல்லாம். பஸ்ஸில நாள் பூரா டிக்கெட் குடுக்கிறவ தண்ணி குடிச்சா எங்க இறங்கிப் போறது? உங்க கிட்னிக்குக் காவல் இருந்தவளுக்குத்தான் வந்திருக்கு.

இடமில்லை, ஓரத்துல எழுதுறேன்: மீதி முள் டப்பாவுல இருக்கு. நான் வர்றதுக்குள்ள எனக்கு ஒரு டம்ளர் கொதிக்க வைங்க. தொட்டியில ஊத்த மாட்டேன்.