அழாத குழந்தை

செவ்வாய், இரவு.

வெள்ளிமலையிலிருந்து வந்த நான்கு வயதுச் சிறுமிக்கு இன்று குடலிறக்க அறுவை சிகிச்சை. முதுகில் போட்ட மரத்துப்போகும் ஊசியில், வலி இரவு வரை வராதிருக்க இன்னொரு மருந்தையும் கொஞ்சம் சேர்த்தேன். "வலிக்காதும்மா" என்று தாயிடம் சொன்னேன். அந்த மருந்து நெடுநேரம் தூங்க வைக்கும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். மடத்தனம்.

மாலையில் வார்டுக்குப் போனபோது, தாய் மகளின் மூக்கருகே புறங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மதியச் சோற்றுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

"அழவே இல்லீங்க. மூச்சு வருதான்னு பாத்துக்கினே இருக்கேங்க."

"மருந்து மயக்கம்தான், எழுந்துடுவா" என்றேன். தலையாட்டினாள், கையை எடுக்கவில்லை.

குவார்ட்டர்ஸில் விளக்கை அணைக்கப் போகிறேன். நாளை விடுமுறை. எவ்வளவு நேரம் தூங்கினாலும் என் மூக்கருகே கை வைத்துப் பார்க்க ஒருவருமில்லை.