வண்டிக்கு அடியில் விரிக்காத பேப்பர்

அன்புள்ள ஏழுமலை மச்சானுக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உன்னோடு மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். இப்போது ராத்திரியில் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எழுதினால் தூக்கம் வரும் என்கிறாள் உன் தங்கச்சி. அவள் சொல்லி எது நடந்திருக்கிறது?

நம் வேன் ஓடுகிறது. அதைத்தான் நீ முதலில் கேட்பாய், எங்களையெல்லாம் அப்புறம்தான் விசாரிப்பாய். நாம் சேர்ந்து வாங்கியபோதே மூன்று கை மாறி வந்த வண்டி. கிலோமீட்டர் முள் எந்த வருஷம் நின்றதென்றுகூட எனக்கு நினைவில்லை. கிளட்ச் மாற்றினேன். இடது பக்கக் கதவு இன்னும் நீ கட்டிய கயிற்றில்தான் நிற்கிறது.

தினமும் அல்சூரிலிருந்து கார்மெண்ட்ஸ் பெண்கள் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு ஓசூர் ரோட்டில் போகிறேன். அதில் ஒருத்தி உன் மகள் மஞ்சுளா. போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தாள். முன்னால், எனக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம்.

உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு. சுற்றி வளைக்கிறேன், தெரிகிறது.

வண்டியை நிறுத்தியதும் நீ அடியில் பழைய பேப்பரை விரிப்பாயே. காலையில் அதை இழுத்து எடுத்து, எங்கே என்ன சொட்டியிருக்கிறது என்று பார்ப்பாய். நடுவில் கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். சக்கரத்துப் பக்கம் வெளிர் மஞ்சளாக இருந்தால் பிரேக் ஆயில். "டாக்டர் வந்துட்டாருப்பா, டெஸ்ட் ரிசல்ட் என்ன?" என்று நான் கிண்டல் செய்வேன். மற்ற எல்லாவற்றுக்கும் சிரிக்கிற நீ இதற்கு மட்டும் சிரித்ததில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை.

நீ போன பிறகும் பேப்பர் போட்டுக்கொண்டுதான் இருந்தேன், சத்தியமாக. ஆயுத பூஜை அன்று மட்டும் போடவில்லை. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, முன்னால் உன் தங்கச்சி பெரிய கோலம் போட்டிருந்தாள். அந்த அழகுக்கு அடியில் அழுக்குப் பேப்பரா என்று எடுத்துவிட்டேன். ஸ்பேனர், ஜாக்கி எல்லாம் பூஜையில் இருந்தன. மறுநாள் லீவுதானே என்றும் ஒரு நினைப்பு.

மறுநாள் காலையிலேயே கம்பெனியிலிருந்து ஆள் வந்துவிட்டான். அவசர ஷிப்மெண்ட்டாம், எல்லாரும் வரணுமாம். பூஜையில் வைத்த சாமானை மறுபூஜை முடியாமல் தொடக்கூடாது என்று அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். பின் சக்கரத்துக்குக் கீழே ஈரம் இருந்தது, மச்சான். நான் பார்த்தேன். கழுவின தண்ணீர் என்று நினைத்தேன். அதன் மேலேயே எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிக்கொண்டு போனேன்.

மடிவாளா தாண்டி, முன்னால் ஒரு பஸ் நின்றது. பிரேக்கை மிதித்தேன். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி மிதித்தேன், மறுபடி. ஒன்றுமில்லை. பின்னால் பெண்கள் ஏதோ கல்யாணக் கதை பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். செகண்ட் கியருக்கு இறக்கினேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், பஸ்ஸை உரசாமல் இடது பக்கம் ஒடித்தேன். ஒரு புதுக் கட்டடத்துக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் ஏறி வண்டி நின்றது. மணல் அள்ளிக்கொண்டிருந்தவர் ஓடி வந்து, "ஏனாய்த்து ஸ்வாமி?" என்று கன்னடத்தில் என்ன ஆயிற்று எனக் கேட்டார். டயர் பார்க்கணும் என்று பெண்களிடம் பொய் சொல்லி எல்லாரையும் பஸ் ஏற்றிவிட்டேன்.

மஞ்சுளா மட்டும் ஏறவில்லை. என் கால் மூன்று தடவை தரையில் இடித்ததைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு கத்தல் இல்லை. எல்லாரும் போன பிறகுதான் கேட்டாள்.

"மாமா, நேத்து பேப்பர் போட்டீங்களா?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"டாக்டருன்னு கிண்டல் பண்ணுவீங்களே மாமா. அப்பா பயந்துதான் போடுவாரு. அத்தனை பேர் புள்ளைங்கள ஏத்தினு போறேன், தூக்கம் வரலன்னு அம்மாகிட்ட சொல்லுவாரு."

நீயா மச்சான்? ஸ்டீயரிங்கைப் பிடித்தால் விசில் அடிக்கிறவன், நீயா பயந்தாய்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? என்னைப் போல இன்னொருத்தனும் பயப்படுகிறான் என்று தெரிந்திருந்தால் நான் அவ்வளவு சிரித்திருப்பேனா?

பிரேக் ஆயில் ஒழுகிய வீல் சிலிண்டரை மாற்றியாயிற்று. காயலான் கடைக்குப் போட்டுவிடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். பெண்களிடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு பேர் இனிமேல் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறோம் என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மஞ்சுளாவையும் பஸ்ஸில் போகச் சொல்லி உன் வீட்டுக்காரி கத்தினாள், நானும் கெஞ்சினேன். உன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது அவளுக்கு. தினமும் சாயங்காலம் தானே வந்து பேப்பரை விரித்துவிட்டுப் போகிறாள். காலையில் இரண்டு பேரும் குனிந்து பார்க்கிறோம்.

இன்று காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் சாவியைப் போடும் முன் இரண்டு தடவை பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். பக்கத்தில் உன் மகள் உட்கார்ந்திருக்கிறாள் மச்சான், எப்படிப் பயம் இல்லாமல் இருக்கும்?

ஒரு சொட்டு மஞ்சள் தெரிந்தாலும், எந்தக் கம்பெனிக்காரன் வந்து கத்தினாலும், பண்டிகையே ஆனாலும் வண்டியை எடுக்க மாட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள். இந்தப் பயம் என்னை விட்டுப் போகிற அன்றைக்கு, சாவியை மஞ்சுளா கையில் கொடுத்துவிட்டு அந்த சீட்டை விட்டு இறங்கிவிடுவேன்.

உன் தங்கச்சி புருஷன்,
உன் மகளைத் தினமும் ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிற மாமன்,
தேவராஜ்