கேட்ட அன்றே சொல்லியாக வேண்டும்

அன்பு மிகுந்த செல்வி அப்பாவுக்கு,

வருகிற மாசியோடு நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. உங்களை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போது எழுதவும் கை வரவில்லை. உங்கள் நினைவு நாளுக்கு அச்சடிக்கும் தாளில் போட ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பள்ளிக்கூடத்து மாஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் ரொட்டிக்கு மாவு பிசையும்போது உங்கள் மகள் செல்வி தன் பங்கைத் தனியாக எடுத்து வைத்தாள். என்னடி என்று கேட்டேன். "ஒனக்கு இருமல் நிக்கிற வரைக்கும் நான் உப்புத் தொடமாட்டேம்மா. மாரியாத்தாகிட்ட நேந்துகிட்டேன்" என்றாள். பன்னிரண்டு வயது. என் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. நான் ஒன்றும் சொல்லாமல் மலைக்குப் போய்விட்டேன். தேயிலைக் கொழுந்து பறித்த நேரமெல்லாம் அதே நினைப்புதான். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இவள் கைக்குழந்தையாக இருந்தபோது சளிக் காய்ச்சலில் மூச்சு இழுத்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். கோயில் வாசலில் இவளைக் கிடத்தி, பிழைத்தால் என் ஆயுசுக்கும் உப்புத் தொடமாட்டேன் என்று நேர்ந்தேன். பக்கத்தில் நின்ற நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளை பிழைத்தாள். நானும் உப்பில்லாத சோறு தின்று மலையேறினேன். மூன்றே மாதத்தில் பால் வற்றியது. கூடையோடு இரண்டு தடவை மயங்கி விழுந்தேன், கங்காணி வேலையை விட்டு நிறுத்திவிடுவதாக மிரட்டினார். உப்பைத் தொட்டால் பிள்ளையை ஆத்தா எடுத்துக்கொள்வாள் என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தில் பிள்ளையையே பட்டினி போட்டேன்.

அப்போதுதான் நீங்கள் கோக்கியாக இருந்து சமைத்த துரை பங்களாவுக்கு அந்த அம்மா விருந்தாளியாக வந்தார். சீமையிலிருந்து வந்த யூதப் பெண்மணி, பெட்டி திறந்தால் உடுப்பைவிடப் புத்தகம்தான் அதிகம். மதியம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நீங்கள் அவர் கதையையே சொல்வீர்கள். "அவங்க ஆளுங்கள்லயும் நேத்திக்கடன் இருக்காம் பாக்கியம். திராட்ச ரசம் குடிக்கமாட்டாங்களாம், முடி வெட்டமாட்டாங்களாம், பொணத்துக்கிட்ட போகமாட்டாங்களாம்." வெள்ளைக்காரர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் காது உங்கள் பக்கம்தான் இருந்தது.

அந்தக் காலத்து யூத குருமார்களுக்கு உடம்பை வருத்தும் விரதமே பிடிக்காது என்று படித்தவர்கள் பலர் எழுதிவைத்திருந்தார்களாம். அதை மறுத்து அந்த அம்மா ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். விரதம் இருந்து தன்னை வருத்தியவன் பாவி என்கிறார் ஒரு குரு. அவன் புனிதன் என்கிறார் இன்னொருவர். பழைய நூலில் இரண்டையும் அழிக்காமல் அருகருகே வைத்திருக்கும்போது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசலாமா என்பது அவர் கேள்வி. தேநீர்த் தட்டோடு நின்று இதையெல்லாம் கேட்டு வந்தீர்களே, உங்கள் பொறுமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பிறகு ஒரு நாள் நீங்களே கேட்டிருக்கிறீர்கள், நேர்ந்துவிட்டு முடியாமல் தவிக்கிறவர் என்ன செய்வது என்று. படித்த ஒருவரிடமோ சாதாரண ஆட்கள் மூன்று பேரிடமோ போகலாம் என்றாராம். இப்படியெல்லாம் ஆகும் என்று தெரிந்திருந்தால் நேர்ந்திருப்பாயா என்று அவர்கள் கேட்பார்கள். மாட்டேன் என்றால் கட்டு அவிழ்ந்தது. மனைவி நேர்ந்தால், காதில் விழுந்த அன்றே, பொழுது சாய்வதற்குள், கணவன் வேண்டாம் என்று சொல்லலாம். பேசாமல் இருந்தால் அது நிலைத்துவிடும். பிறகு அவன் தடுத்தால் பாவம் அவன் தலையில். அன்று நீங்கள் சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டீர்கள். ஏன் என்று அந்த அம்மா விசாரித்தபோது சமையல்கட்டில் நின்று அழுதீர்களாம். எனக்கு அதை நீங்கள் சொல்லவேயில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னது இதுதான். "அன்னைக்கு நான் வாயத் தொறக்கல. இன்னைக்குச் சொல்றேன். வேணாம் பாக்கியம். பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

"அவங்க சாமியும் நம்ம ஆத்தாவும் ஒண்ணா?" என்று சண்டைக்கு வந்தேன்.

"சாமி வேற. பசி ஒண்ணுதானே" என்றீர்கள்.

நான் மசியவில்லை. மறுநாள் பூசாரி, பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி, தேயிலை ஸ்டோரில் வேலை செய்த உங்கள் கூட்டாளி என்று மூன்று பேரைக் கூட்டிவந்து லயத்து வீட்டு வாசலில் உட்கார வைத்தீர்கள். பூசாரி கேட்டார்: "தாயி, பால் வத்தி இந்தப் புள்ள இப்புடிக் கத்தும்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா நேந்திருப்பியா?" மாட்டேன் என்றேன். நீங்கள் உப்புப் போட்ட கஞ்சியை என் கையில் கொடுத்தீர்கள். அந்தக் கஞ்சிக்கு நான் உங்களுக்கு ஒரு நாளும் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இன்னொரு செய்தி. போன வாரம் அந்த அம்மாவின் புத்தகம் உங்கள் பெயருக்கு வந்தது. இங்கிலீஷில் இருந்ததை நம் பள்ளிக்கூடத்து யாழ்ப்பாணத்து மாஸ்டர்தான் படித்துச் சொன்னார். "அக்கா, இஞ்ச பாருங்கோ, உங்கட மனிசனைப் பற்றி எழுதியிருக்கிறா." பெயர் இல்லை, ஒரு மலைத்தோட்டத்துச் சமையல்காரர் என்று இருக்கிறதாம். சூப்பில் உப்புக் கூடியதும் நீங்கள் அழுததும்கூட அதில் இருக்கிறதாம். அந்த விதி நேர்ந்தவளைவிட, கேட்டும் பேசாமல் இருந்தவனைத்தான் அதிகம் கேள்வி கேட்கிறது என்பதை அவரால்தான் கண்டுகொண்டேன் என்று எழுதியிருக்கிறார். இதைக் கேட்க நீங்கள் இல்லையே.

இன்று மலையிலிருந்து திரும்பும் வழியில் மாஸ்டரிடம் கேட்டேன், மகள் நேர்ந்தால் யார் தடுக்கலாம் என்று. தகப்பன் தடுக்கலாம் என்று அந்தப் புத்தகத்தில் இருக்கிறதாம். தாயைப் பற்றி ஒன்றும் இல்லையாம். அந்த விதியை எழுதியவர்கள் ஆம்பிளைகள், வேறென்ன எழுதுவார்கள்.

பொழுது சாய்வதற்கு முன் வீட்டுக்கு வந்து அவளை உட்கார வைத்து, உங்கள் இடத்தில் நின்று வேண்டாம் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "நீ அன்னைக்கு நேத்திய முறிச்ச. அந்தப் பாவத்த வாங்கிக்கிட்டுத்தான் அப்பா போயிட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க. இப்ப நீயும் போயிருவ" என்றாள்.

உங்களுக்கு நெஞ்சு வலி வந்த நாளிலிருந்து எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான். பிள்ளை அதைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள்.

"அப்பா பதினோரு வருஷம் ஒன்னயத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சாருடி. அதுவா தண்டன?" என்று கேட்டேன். "நானும் ஒரு நாள் போவேன். நீ வாடி வதங்கித்தான் எனக்கு ஒரு நாள் கூடக் கெடைக்கும்னா, அந்த நாள் எனக்கு வேணாம்."

வெகு நேரம் அழுதாள். பிறகு என் தட்டிலிருந்த ரொட்டியை உப்பும் உறைப்புமான தேங்காய்ச் சம்பலில் தொட்டுத் தின்றாள். இப்போது என் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள்.

நான் இனி எதற்கும் நேரப்போவதில்லை. ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இத்தனை நாளாகத் தட்டிக்கழித்தேன், நாளைக்கே தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய் இந்த இருமலைக் காட்டுகிறேன்.

உங்கள் வாயைக் கடன் வாங்கிப் பேசிய,
உங்கள் வீட்டுக்காரி
பாக்கியம்