பக்கத்துச் செல்லுக்குப் போகும் பைகள்

மார்ச் 4

ஜிப் சரக்கு வந்து இறங்கியது. பாதிக்குப் பல் கோணல். திருப்பி எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன்.

வேனை எடுக்கப் போன இவர் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "வயித்துல கல்லு வச்ச மாதிரி இருக்கு முதலாளி." தையல் சாமான் கடை வைத்த நாளிலிருந்து கட்டின பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"வண்டி ஓட்டாம இருக்க இதுவும் ஒரு சாக்கா?" என்றேன்.

மார்ச் 19

இவருக்கு வாய் வழியாகக் குழாய் விட்டு, சதை எடுத்துப் பார்த்தார்கள். இரைப்பையில் புற்றுநோய். எழுதிவிட்டேன். எழுதினால் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை.

மார்ச் 20

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். இரைப்பையைத் தாண்டிப் போனதாக ஸ்கேனில் தெரியவில்லை என்றார். முதலில் மருந்து ஏற்றி, பிறகு அறுவை சிகிச்சை. "திங்கட்கிழமையே ஆரம்பிச்சிடலாம்மா."

நாலு இடத்தில் விசாரிக்காமல் நான் கடைக்கு ஒரு ஊசிகூட வாங்கியதில்லை. ரிப்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வேனில் இவர் சிரித்தார். "என்னையும் கொட்டேஷன் போட்டுப் பாக்கறியா?"

"பேசாம ஓட்டுங்க."

ஏப்ரல் 11

போன இடத்திலெல்லாம் சோதனைகளை முதலிலிருந்து எடுத்தார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றேதான். டாக்டரம்மாவிடமே திரும்பி வந்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 15

மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் இருக்கிற வியாதி பக்கத்தை எப்படிக் கெடுக்கிறது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"கெட்ட செல் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பையா வெளியே விடும்மா. உள்ள அதோட சரக்கு இருக்கும். பக்கத்துல இருக்கிற நல்ல செல் அதை வாங்கிக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அதுக்கே வேலை செய்ய ஆரம்பிச்சிடும்."

"நல்லது எதுக்கு அதை வாங்குது?"

"எல்லாச் செல்லும் இப்படிப் பை அனுப்பிக்கும்மா. நல்லதும் அனுப்பும். அதுங்க பேசிக்கிறதே அப்படித்தான். இது கெட்டதுன்னு அதுக்குத் தெரியாது."

"அந்தப் பையை நிறுத்த மருந்து?"

"தேடிக்கிட்டிருக்காங்க. இன்னும் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரல."

கட்டிலில் இருந்து இவர் சொன்னார்: "நம்ம சாம்பிள் கவர்."

அதேதான். புதுத் தெருவில் கால் வைக்கும்போது தையல்காரர்களுக்கு ஊசி, நூல், இரண்டு ஜிப் போட்டு ஒரு கவர் இலவசமாகக் கொடுப்பேன். வேண்டாம் என்றவர் கிடையாது. கொஞ்ச நாளில் அந்தத் தெருவே என் சரக்கில் தைக்கும். கொண்டுபோய்க் கொடுப்பது இவர்.

"உன் வியாபாரத்தை எவனோ உள்ள நடத்தறான் பாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே ஒருவன் கடை போட்டால் அவனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். இவன் கடை எங்கே இருக்கிறது, நான் எங்கே போய் நிற்பது?

மே 2

இவருக்கு முடி கொட்டுகிறது. சீப்பை ஒளித்து வைத்தேன். என்ன புத்தி இது.

ஜூன் 27

அறுவைக்கு முன்னால் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். வயிற்றின் உள்சவ்வில் பொட்டுப் பொட்டாகப் பரவியிருக்கிறதாம். அறுவை சிகிச்சை இல்லை.

அந்தச் சவ்வும் நல்ல செல்தான். பைகள் போய் அதை இளக்கி, இடம் பண்ணிக் கொடுத்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா.

"நான் இழுத்துக்கிட்டு அலைஞ்சேனே, அந்த வாரங்கள்லயா?"

"அதுக்கு முன்னாடியே இருந்திருக்கலாம். இவ்வளவு பொடிசா இருந்தா ஸ்கேன்ல தெரியாது. சொல்ல முடியாதும்மா."

ஆமாம் என்றிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பேன். இல்லை என்றிருந்தால் மூச்சு விட்டிருப்பேன். சொல்ல முடியாதுன்னா நான் என்ன பண்ண — யார்கிட்ட போய்க் கேக்க?

ஜூன் 28

இவரிடம் சொன்னேன். "கத்தி இல்லையா? நல்லதாப் போச்சு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 16

கடை திறந்தேன். யாரோ ஏதோ கேட்டார்கள். ஏதோ கொடுத்தேன்.

ஆகஸ்ட் 30

டாக்டரம்மா இன்னொரு மருந்தைச் சொன்னார். கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம், ஆனால் வாந்தியும் சோர்வும் கூடும் என்றார். எவ்வளவு நாள், எத்தனை பேருக்குப் பலித்திருக்கிறது, வேறு எங்கே கிடைக்கும் — எனக்குக் கேள்விகள் வரிசைகட்டி நின்றன.

இவர் என் கையைப் பிடித்தார். கையில் கனமே இல்லை. "முதலாளி, இதுக்கு விலை பேசாத. வீட்டுக்குப் போலாம்."

டாக்டரம்மா வலிக்கு மட்டும் மருந்து எழுதினார். அடுத்து எப்போது வர வேண்டும் என்று எழுதவில்லை.

நான் கேட்கவில்லை.