பின்பக்கம் பதிந்த பிக்கப்

மருதமுனை
12.08.1956

அன்புள்ள மகன் மர்சூக்குக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் தங்கச்சி நபீஸாவும் சுகம், வாப்பாவின் இடுப்பைத் தவிர. அதற்குக் காரணம் பிக்கப்பும், மாடுகளை விற்று அதை வாங்கச் சொன்ன நீயும்தான். கொழும்பில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கத் தொழுகைக்குத் தொழுகை துஆக் கேட்கிறேன். நீ அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டிப்போய் இருக்கிறாய், அதற்குக் கடைசியில் ஏசுகிறேன்.

நபீஸாவுக்குச் சீதனமாகக் கொடுக்கும் வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது, கூரைதான் இல்லாமல் இருந்தது. போன மாதம் மாப்பிள்ளையின் உம்மா ஜெமீலா வந்து, அண்ணாந்து பார்த்து, இஞ்ச குடிவாற என்ட மகன் நட்சத்திரம் எண்ணிக்கிட்டா படுக்கிற என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனா. சிரிப்புத்தான், ஆனாலும் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மழைக்கு முன் ஓடு போடாவிட்டால் கலியாணத்தைத் தள்ளிவிடுவார்கள் என்று பயந்தே போனேன். வாப்பாவோ மட்டக்களப்பிலிருந்து ஓடுகளை நானே கொண்டுவாறன் என்று நின்றார். நம் பழைய மாட்டுக் கரத்தையின் நுகத்தைக் கழற்றி, மரச் சக்கரத்துக்குப் பதில் கார்ச் சில்லுப் பூட்டி, ஏர்க்காலைப் பிக்கப்பின் பின்னால் இரும்புக் கொண்டியில் கொழுவிக்கொண்டு போனார். திரும்பி வந்த கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும் மகன். பிக்கப்பின் பின்பக்கம் அப்படியே குந்திவிட்டது, மூக்கு மேலே தூக்கிவிட்டது. மஃரிபுக்குப் பிறகு வந்ததால் லைட்டைப் போட்டிருந்தார், வெளிச்சம் ரோட்டில் விழாமல் தென்னை மரத்து உச்சியில் விழுகிறது. அடுத்த வீட்டு அச்சிமுகம்மது ஓடிவந்து வாப்பாவிடம், குரும்பை பார்க்கவா காக்கா லைட் வாங்கின என்று கேட்டார். வாப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. முன்சில்லு நிலத்தில் சரியாகப் பதியாமல், ஸ்டியரிங் திருப்பின பக்கம் போகவில்லையாம், பாதி ஓடுகளை வழியில் இறக்கி வைத்துவிட்டுத்தான் வந்தாராம்.

மறுநாள் கல்முனையில் கராஜ் வைத்திருக்கிற சாமித்தம்பியிடம் கொண்டுபோய், பின்சில்லு ஸ்பிரிங் வில்லுக்கு இன்னொரு தகடு கூட்டிப் போட்டார். அதற்குப் பிறகு வெறும் வண்டியில் போனால் குடல் வாய்க்கு வருகிறது, வாப்பாவின் இடுப்பு போனது அதில்தான். ஆனால் லோடு ஏற்றினால் பழையபடி குந்தல்தான், கொஞ்சம் குறைவு, அவ்வளவே. இனி யாரையாவது பிடித்துத்தான் ஓடு ஏற்ற வேண்டும் என்று வாப்பா மனம் விட்டுப்போனார். எனக்குச் சந்தேகம் தட்டி, இன்னும் ஒரு நடை போய்ப் பார்ப்போம் என்று சொல்லி நானும் ஏறிப் போனேன். பார்த்தால், மனுஷன் ஓடுகளையெல்லாம் கரத்தையின் முன்பக்கம் கொண்டுவந்து அடுக்குகிறார்! ஏன் என்று கேட்டால், பின்னுக்குப் பாரம் போனா ஏர்க்கால் மேல எழும்பி மாட்டுட கழுத்துக் கயிறு இறுகும், உனக்கென்ன தெரியும் என்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இஞ்சாருங்க, மாட்டை விற்றுப்போட்டமே, இப்ப ஆருட கழுத்து இறுகப்போகுது என்றேன். கையில் பிடித்த ஓட்டோடு அப்படியே நின்றார். பிறகு அவரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

சிரித்து முடித்து எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளினார், அதுவும் பிழை. கொஞ்சத் தூரம் போகும்போதே கரத்தை வால் ஆட்டுகிற நாய் மாதிரி இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கியது, நான் கலிமாச் சொல்லிக்கொண்டு கதவைப் பிடித்தேன். நிறுத்தி, பாரத்தைச் சில்லுக்கு நேர் மேலே வைத்து, ஒரு கொஞ்சத்தை மட்டும் முன்னுக்கு விட்டார். புதுத் தகடும் சேர்ந்துகொள்ள, பிக்கப் மட்டமாக நின்றது. மிச்ச ஓடெல்லாம் அப்படியே வந்து சேர்ந்து, போன வெள்ளிக்கிழமை கூரையும் முடிந்தது. ஜெமீலா வந்து அண்ணாந்து பார்த்து, மாஷா அல்லாஹ் என்றா. அந்தச் சொல்லைக் கேட்க நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கலியாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று எழுதிவிடாதே, முதலாளியிடம் இப்போதே கதைத்து வை. நான் நெய்த சாறன் ஒன்று இத்துடன் அனுப்புகிறேன். தேத்தண்ணியும் பாணும் தின்று வயிற்றை ஏமாற்றாமல் சோறு தின்னு, மீன் தின்னு. உனக்கு நீண்ட ஆயுளையும் ஆபியத்தான உடல் சுகத்தையும் அல்லாஹ் தருவானாக. ரெயில் வருகிற நாளை எழுது, வாப்பா மட்டக்களப்பு ஸ்டேஷனுக்குப் பிக்கப்போடு வருவார், நானும் வருவேன். நீ பின்னால்தான் ஏற வேண்டும். அந்தப் புதுத் தகடு போட்ட வண்டி, நீ ஏறினதும் கொஞ்சமாவது பதிகிறதா என்று நான் கீழே நின்று பார்ப்பேன். பதியாவிட்டால் உன்னைத் திரும்பிப் போக விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் உம்மா
றாபியா