முரசு கேட்டது, தண்ணீர் வரவில்லை

என் உயிரான அக்காவுக்கு,

காஹாங் ரப்பர் தோட்டத்தில் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. கூரையில் சத்தம் கூடினாலே உன் மகள் செல்லி என் சேலையைப் பற்றிக்கொள்கிறாள். போன மழைக்காலத்தில், நம் லயத்து வீட்டுக் கூரைமேல் இருந்த என்னிடம் அவளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நீ வெள்ளத்தோடு போனாயே, அது அவளுக்கு நினைவிருக்குமா? கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஆறு ஏறுவதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நீ இருந்திருப்பாய். அதனால் நாங்கள் சில பெண்கள் மேலாற்றில் இருக்கும் கம்பத்துக்கு, அந்த மலாய்க்காரர் கிராமத்துக்கு, போய்ப் பேசினோம். அங்கே தண்ணீர் ஏறினால் தொழுகைக் கூடத்து முரசை விடாமல் அடிப்பதாகச் சொன்னார்கள். அது கேட்டதும் இங்கே நான் தகரத்தைத் தட்டவேண்டும். எல்லோரும் குன்றுக்கு ஏறவேண்டும். லயத்தை மேட்டுக்கு மாற்றத் தோட்டத்துத் துரை சம்மதிக்கவில்லை. ஓய்வு நாட்களில் நாங்களே குன்றில் காடு வெட்டிக் கொட்டகை போட்டு, அரிசியும் விறகும் ஏற்றி வைத்தோம்.

முந்தாநாள் மத்தியானம் முரசு கேட்டது. தட்டினேன். எங்களை வேலை வாங்கும் கங்காணி ஓடிவந்தார்.

"தண்ணி எங்க இருக்கு? ஆறு சும்மாதானே போவுது!"

"மேலாத்துல ஏறிருச்சுண்ணே. வீட்ல அண்ணிய கூட்டிக்கிட்டு வாங்க."

அவர் வரவில்லை. நாங்கள் ஏறினோம். நெடுநேரம் தண்ணீரே வரவில்லை, அக்கா. பிள்ளைகள் குளிரில் நடுங்கினார்கள். "அலமாக், ஐயோ, இவ பேச்ச கேட்டு வந்தோமே! கீழ போலாம் லா," என்று ஒருத்தி எழுந்தாள். அவள் பின்னால் பாதிப் பேர் எழுந்தார்கள்.

நான் குறுக்கே நின்றேன். "எங்க அக்காவுக்கு யாரும் சொல்லல. நமக்குச் சொல்லிட்டாங்க. கொஞ்சம் பொறுங்க." சொல்லும்போதே, முரசு தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று எனக்கும் தோன்றியது.

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். பிறகுதான் ரப்பர் மரங்களுக்கு நடுவே கலங்கல் தண்ணீர் பாய்ந்து வந்தது. கங்காணி கழுத்தளவு நீரில் மனைவியை இழுத்துக்கொண்டு வந்தார். கயிறு வீசி இருவரையும் ஏற்றினோம். லயத்தில் பாதி போய்விட்டது. ஆள் யாரும் போகவில்லை.

இன்று கங்காணியே லயத்தை மாற்றச் சொல்லித் துரையிடம் போயிருக்கிறார். இன்னும் திரும்பவில்லை. கிழக்கே மறுபடி கறுத்திருக்கிறது. அடுத்த தடவை முரசு கேட்டும் வெள்ளம் வராமலே போனால்? அதற்கடுத்த தடவை என் பேச்சை யார் கேட்பார்கள்?

ஏசினாலும் சிரித்தாலும் நான் தட்டுவேன், அக்கா. செல்லியை இடுப்பில் கட்டிக்கொண்டே தட்டுவேன்.

உன் பிள்ளைக்கு இப்போது அம்மாவாகிவிட்ட தங்கை,
அஞ்சலை