செமிஃபைனல் வரை போதும்

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள உங்களுக்கு, நீலாம்பாள் நமஸ்காரம் செய்து எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். நம் வீட்டில் யார் யார் சௌக்கியம் என்று யோசித்துப் பார்த்தேன். சமையலறைக் குழாய் சௌக்கியம், போன வாரம் ஆள் வந்து வாஷர் மாற்றினான். மொட்டை மாடியில் கறிவேப்பிலை சௌக்கியம். அம்முவையும் என்னையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியவில்லை.

போபாலுக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் மூன்று ‘ம்’ போட்டுவிடுகிறீர்கள். நான் குரலை உயர்த்தினால் ‘பிராஞ்சில் ஆள் இருக்கிறார்கள், அப்புறம் பேசலாம்’ என்பீர்கள். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. தவிர, இந்த இரண்டு அறை வீட்டில் நான் என்ன பேசினாலும் அம்மு காதில் விழும். அவள் இப்போது எண்ட்ரன்ஸ் கோச்சிங்குக்காக எர்ணாகுளம் போயிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும்.

முதலில் நல்ல சமாசாரம். அம்முவின் ஸ்கூல் பாஸ்கெட்பால் டீம் இந்த வருஷம் ஆடிய ஜூனியர் போட்டி எல்லாவற்றிலும் கப் வாங்கிவிட்டது. ஆலப்புழை, கோட்டயம், கடைசியாகப் போன ஞாயிறு எர்ணாகுளத்தில் மாநிலப் போட்டி. பஜார் முக்கில் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். வார்டு மெம்பர் முகம் பெரிதாகவும், ஜெயித்த பெண்கள் முகம் சின்னதாகவும் இருக்கிறது. பெண்கள் எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். நம் பெண் மட்டும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பது போல நிற்கிறாள். அந்தப் படத்தைப் பார்த்து, கம்பீரமாக இருக்கிறாள் என்று மெசேஜ் அனுப்பினீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் துணி மூட்டைமேல் வீசினேன்.

செமிஃபைனல் அன்று நான்தான் வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். அம்மு பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கம் நிற்கிற டீம் தோழி மகாவுக்குக் கொடுக்கிறாள். மகா போடுகிறாள். கேலரியே எழுந்து நிற்கிறது. பெருமையாக இருந்ததால் அனுப்பினேன். அதில் நீங்கள் பார்த்தது என்ன? எதிர் டீம் பெண் ஒருத்தி கணுக்கால் பிசகிக் கீழே விழுந்ததை. அதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்முவிடமும் பேசவில்லை. நேரே ஸ்கூல் கோச் சுதர்ஷனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறீர்கள்.

இது எதுவும் தெரியாமல் நான் ஃபைனலுக்குப் போனேன். டீம் முழுவதற்கும் எலுமிச்சை சாதம் கிளறி, பெரிய தூக்கில் எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் மகாவின் அம்மா சந்தனமாரி உட்கார்ந்திருந்தாள். உசிலம்பட்டிக்காரி, பஜாரில் வெங்காயக் கடை வைத்திருக்கிறாள். நீங்கள் கூட ஒரு தடவை பேரம் பேசித் தோற்றுத் திரும்பியிருக்கிறீர்கள். ஆட்டம் ஆரம்பித்தது. அம்மு பெஞ்சில் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இறக்குவார்கள் என்று இருந்தேன். பாதி ஆட்டம் முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

அம்மு நிற்கிற இடத்தில் மகாவை நிறுத்தியிருந்தார்கள். அவள் உயரமான பெண், கூடைக்குக் கீழே நின்று ஆடிப் பழகினவள். பந்தைக் கொண்டுபோகத் தெரியாமல் திரும்பத் திரும்பப் பறிகொடுத்தாள். சந்தனமாரிக்கு முகமே மாறிவிட்டது. என் பக்கம் திரும்பி, “ஒங்க பிள்ளைய ஒக்கார வச்சிட்டு எம் பிள்ளைய ஏங்க்கா எல்லாரு முன்னாடியும் அவமானப்படுத்துறாங்க?” என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். இடைவேளையில் படி இறங்கிப் போனேன். சுதர்ஷனைப் பிடித்துக்கொண்டு, என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். யார் பேச்சைக் கேட்டு என் பெண்ணை ஒதுக்குகிறாய், உனக்குக் குழந்தை குட்டி இல்லையா என்றுகூடக் கேட்டேன். இரண்டு டீம் பெண்களும் பார்த்தார்கள். ரெஃபரியும் பார்த்தார். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். பாலக்காட்டுப் பையன், பெரியவர்களை எதிர்த்துப் பேசி வளரவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தின பிறகுதான் மெதுவாகச் சொன்னான்.

“மாமி, அம்முவோட அப்பா வெங்கடேஸ்வரன் சார் நேத்திக்கு போன்ல விளிச்சார். செமிஃபைனல் வரைக்கும் போதும், ஃபைனல்ல அம்முவ எறக்க வேண்டாம்னார். மாமிக்கும் அறியும்னுதான் நான் நெனச்சேன்.”

அப்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் எழுதுகிறேன். அத்தனை பேர் நடுவில் நின்றுகொண்டே மீதியையும் அவனிடமிருந்து கேட்டு வாங்கினேன். செமிஃபைனலுக்கு வந்தாலே பரீட்சையில் சேர்த்துப் போடுகிற கிரேஸ் மார்க் உறுதி என்று விசாரித்து வைத்திருந்தீர்களாம். ஃபைனலில் ஜெயித்தால் அதற்கு மேல் எவ்வளவு என்று கேட்டீர்களாம். கொஞ்சம்தான் வித்தியாசம் என்றதும், அந்தக் கொஞ்சத்துக்காகக் கையைக் காலை உடைத்துக்கொள்ள வேண்டாம், கோச்சிங் கெட்டுவிடும் என்றீர்களாம். ஆனால் பேரை மட்டும் எடுத்துவிட வேண்டாம், சர்டிஃபிகேட் வர வேண்டும், பெஞ்சில் இருக்கட்டும் என்றும் சொன்னீர்களாம். டெபாசிட்டை முதிர்வுக்கு முன்னால் உடைக்க வருகிறவர்களை உட்கார வைத்து உபதேசம் செய்கிற பேங்க் மேனேஜர் நீங்கள். பெற்ற பெண் விஷயத்தில் மட்டும் எப்படி இந்தப் புத்தி வந்தது?

நான் சுதர்ஷனிடம், அவள் அப்பா போபாலில் இருக்கிறார், அம்மா இங்கே இருக்கிறேன், இறக்கு என்றேன். அவனுக்கும் அதுதான் ஆசை. உடனே அம்முவைத் திரும்பிப் பார்த்தான். அவள்தான் எழுந்திருக்கவில்லை. வேனில் வரும்போதே அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். வேண்டாம்மா, அப்பா சொல்லியாச்சு இல்லையா என்றாள். குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. நான் மேலே போய் உட்கார்ந்தேன். நடந்ததைக் கேட்டபின் சந்தனமாரி என்னோடு பேசவில்லை. எலுமிச்சை சாதத்தைத் தொடவும் இல்லை.

அப்படியும் ஜெயித்துவிட்டார்கள். மகா கீழே விழுந்து எழுந்து, கடைசியில் ஒரு ஃப்ரீ த்ரோவில் காப்பாற்றினாள். பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்டார்கள். அம்முவும் கை தட்டினாள், மகாவைக் கட்டிக்கொண்டாள், வரிசையில் நின்று மெடல் வாங்கினாள். படகில் திரும்பும்போது அதைக் கழற்றி, காலி டிபன் பையில் போட்டாள்.

அன்று சாயங்காலம் நீங்கள் போனில் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? “பாத்தியா, அவ எறங்காமலே ஜெயிச்சாச்சு, மார்க்கும் வந்தாச்சு. இதுல என்ன நஷ்டம்?” ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மு பக்கத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். அவள் இல்லாமலே ஜெயிக்கலாம் என்று அவள் காதாரக் கேட்டாள், அதுவும் அப்பா வாயால். நஷ்டம் எது என்று இப்போதாவது புரிகிறதா?

உங்களுக்கு இது புதிதும் இல்லை. கல்யாணமான புதிதில் திருப்பூணித்துறை ஸ்கூலில் பாட்டு டீச்சர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அவளுக்குச் சௌகரியப்படாது என்று நீங்களே அவர்களுக்குப் போன் செய்து சொன்னீர்கள். நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு போய் நின்றபோது, அங்கே இருந்த கிளார்க் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மிகவும் மரியாதையாகப் பேசினார் உங்கள் ஹஸ்பண்ட் என்று பாராட்டு வேறு. நல்ல மரியாதை. யாருடைய விஷயமோ அவர்களைத் தவிர மற்ற எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுகிறீர்கள்.

ஒரு வாரமாக அம்மு நான் எழுப்பாமலே விடியற்காலையில் எழுந்து கணக்குப் போடுகிறாள். கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ராத்திரி நடையில் பந்து தட்டுகிறாள், தலை வலிக்கிறது என்று மாதம் தவறாமல் சண்டைக்கு வருவாரே கீழ் வீட்டு சேட்டன், அவர் நேற்று படியேறி வந்து, பந்துச் சத்தமே கேட்கவில்லையே, குட்டிக்கு சுகமில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார். ஷூவை மகாவுக்குக் கொடுத்துவிட்டாள். அளவு சரியாக இல்லை என்று சந்தனமாரி திருப்பி அனுப்பிவிட்டாள். அளவு சரியாகத்தான் இருந்திருக்கும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். நேற்று சுதர்ஷன் வீட்டுக்கு வந்தான். நான் திட்டியதை மனதில் வைத்துக்கொள்ளாமல், காபி குடித்துவிட்டு, மாநில ஜூனியர் டீமுக்கான கேம்ப்புக்கு அம்முவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றான். செமிஃபைனல் வரை அவள் ஆடியதைப் பார்த்தே எடுத்திருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை காலை கலூருக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அடுத்த பெண்ணை எடுத்துக்கொள்வார்கள். நான் அங்கேயே சம்மதம் சொன்னேன். அம்மு மட்டும், யோசித்துச் சொல்கிறேன் சார் என்றாள். அவன் போன பிறகு என்னிடம் வந்து கேட்டாள்.

“இதுக்கு எத்தனை மார்க்கும்மா? மார்க் இல்லேன்னா எதுக்குப் போறது?”

கிண்டலாகக் கேட்டிருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நிஜமாகவே கேட்டாள். பதிலுக்காக நின்றாள்.

என்னிடம் பதில் இருக்கிறது. நான் சொன்னேன், தலையை ஆட்டிவிட்டுப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டாள். இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், புதன்கிழமைக்குள் கிடைத்துவிடும். அன்றைக்கே கூப்பிடுங்கள். என் நம்பருக்கு வேண்டாம், சுதர்ஷனுக்கும் வேண்டாம். அவளைக் கூப்பிடுங்கள். போகலாம் என்று உத்தரவு கொடுக்காதீர்கள். போகிறாயா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். எதற்கு அப்பா என்று அவள் கேட்பாள். விளையாடத்தான் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் மார்க், கோச்சிங், கணுக்கால் என்று ஒரு வார்த்தை வரக்கூடாது.

குளிர் ஆரம்பித்துவிட்டது என்றீர்கள். கம்பளி அங்கே உங்கள் பீரோவின் மேல் தட்டில் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடுங்கள். பகவான் உங்களுக்கு நல்ல உடம்பைக் கொடுக்கட்டும். பெற்ற பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டு, அவள் சொல்கிற பதில் எதுவானாலும் கேட்டுக்கொள்கிற மனசையும் சனிக்கிழமைக்கு முன்னால் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
நீலாம்பாள்